சார் என்று நான் கூப்பிட்ட மாமனார்

எங்கள் வீட்டு மண்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அம்மா ஊற்றிக் கொடுத்த கேழ்வரகுக் கூழை அவர் குடித்த மத்தியானம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கடத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அதில் நாங்கள் இருந்தது காலனி. பத்தாவது முடித்ததும் என்னைத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு அனுப்பிவிடுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். அதைக் கேள்விப்பட்டு வெயிலில் நடந்தே வந்துவிட்டார் எங்கள் தலைமையாசிரியர். ஊர்த்தெருவில் இருந்த மேல்சாதிக் கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. எங்கள் சபையின் மூப்பரும் அவர்தான். அந்தத் தெருவிலிருந்து வந்து எங்கள் வீட்டில் கை நனைத்தவர்கள் அதற்கு முன் யாருமில்லை. "புள்ளைய அனுப்பாதீங்க. படிக்க வுடுங்க. மேக்கொண்டு ஆவறத நான் பாத்துக்கறேன்" என்றார். அப்பாவால் மறுத்துப் பேச முடியவில்லை. இன்று நான் ஆசிரியையாக இருக்கிறேன் என்றால் அந்த மத்தியானம்தான் காரணம்.

எங்கள் கோயிலில் திருவிருந்தின்போது திராட்சரசம் ஒரே கிண்ணத்தில். ஊர்த்தெருக்காரர்கள் குடித்து முடித்த பிறகுதான் காலனிக்காரர்களின் முறை வரும். அது தவறென்று சார் சபைக் கூட்டத்தில் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த திருவிருந்தில் தன் வரிசை எழுந்தபோது அவர் எழவில்லை. எங்கள் ஆட்கள் எல்லாரும் குடித்து முடிக்கும்வரை தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு கடைசி ஆளாகப் போய் மண்டியிட்டார். கிண்ணத்தின் விளிம்பைத் துடைக்க வந்த போதகரின் கையை மெதுவாக விலக்கிவிட்டுக் குடித்தார். அதற்குப் பிறகு அந்த வரிசை முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்துபோயிற்று. அன்று வீட்டுக்கு வந்து அம்மா அழுதது எனக்கு நினைவிருக்கிறது.

ஆகவே அவருடைய ஒரே மகனும் நானும் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தபோது எங்களுக்குப் பயமே இருக்கவில்லை. தருமபுரிக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் பழகியவர்கள் நாங்கள். "சாரே முன்ன நின்னு நடத்தி வெப்பாரு பாரு" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

சார் நாங்கள் சொன்னதை முழுதும் கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "நீ எனக்குப் புள்ள மாதிரிம்மா. அதுல ஒரு மாத்தமும் இல்ல. ஆனா மருமவளா வர்றது வேற. சொந்தக்காரங்க முன்னால என்னால நிக்க முடியாது" என்றார். மகன் கத்தினார். சார் பதிலுக்குக் குரலை உயர்த்தவே இல்லை. அவர் கத்தியிருந்தால்கூட எனக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும்.

தருமபுரியில் ஒரு கோயிலில் எங்கள் கல்யாணம் நடந்தது. அவர் வரவில்லை. சாயங்காலம் வேனில் ஊர் திரும்பிய அம்மா, காலனியின் சமுதாயக் கூடத்தில் விளக்கு எரிவதைப் பார்த்திருக்கிறாள். உள்ளே சார், என்றைக்கும்போல எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தார். அம்மா கல்யாணப் பட்டுப் புடவையோடு நேரே வீட்டுக்குப் போய் டீ போட்டுக்கொண்டு வந்து நீட்டியிருக்கிறாள். "குடிச்சாருடி. டம்ளர திருப்பிக் குடுக்கறப்ப எம் பட்டுப் பொடவையவே பாத்தாரு. நான் என்னான்னு கேக்கறது?" என்று மறுநாள் போனில் சொன்னாள்.

"எல்லாம் நடிப்பு" என்றார் என் கணவர். அதன் பிறகு தன் அப்பாவோடு பேசுவதையே விட்டுவிட்டார். நானும் நடிப்பென்றே நம்பிவிட முயன்றேன். ஆனால் பார்க்க ஆளில்லாத கூடத்தில், கைதட்ட யாருமில்லாமல், வருடக்கணக்கில் ஒரு மனிதர் எதற்காக நடிக்க வேண்டும்? அப்படியானால் மகன் கல்யாணத்துக்கு வராதவர் யார்? பிறரைத் தீர்ப்புச் செய்யாதீர்கள் என்று இயேசு சொன்னதைப் பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அடிபட்டவர்களிடம்தான் அதை அதிகம் சொல்கிறார்கள். வாயை மூடிக்கொண்டிரு என்பதை மரியாதையாகச் சொல்லும் வழி அது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. மனைவியை முன்பே இழந்தவர். தருமபுரி அரசு மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். நான் போனேன். என் கணவரும் வந்தார். ஆனால் வார்டுக்குள் நுழையாமல் வராந்தாவிலேயே நின்றார். நான் கஞ்சி புகட்டினேன். வாய் கோணியிருந்தாலும் சார் மறுக்காமல் குடித்தார். அந்தப் பக்கம் வந்த நர்ஸ், "இவருக்கு நீங்க என்னம்மா வேணும்?" என்று கேட்டார்.

சாரே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். நாக்குக் குழற, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, அவர் சொன்னார்: "எங்க இஸ்கூல் புள்ள."

வராந்தாவில் நின்றிருந்தவர் திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டார். எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அதைச் சொன்னபோது சாரின் கண்ணில் இருந்த பெருமையையும் நான் பார்த்தேன். அவரால் எட்ட முடிந்த இடம் அதுவரைக்கும்தான். அவர் வாயைத் துடைத்துவிட்டு மிச்சக் கஞ்சியையும் புகட்டினேன்.

எங்கள் வீட்டுக்கே அவரைக் கூட்டிவந்துவிட்டோம். ஒருநாள் அவருடைய பங்காளிகள் இருவர் பார்க்க வந்தார்கள். நான் கொண்டுபோய் வைத்த தண்ணீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். சார் அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி குடிக்க ஆவாத வூட்ல ஒங்களுக்கு என்ன வேல? எந்திரிச்சிப் போங்க" என்றார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் அவ்வளவு தெளிவாகப் பேசியது அன்றுதான். அப்போதும் அவர் என்னை மருமகள் என்று சொல்லவில்லை. நானும் மாமா என்று கூப்பிடவில்லை. கடைசிவரை அவர் எனக்கு சார்தான்.

அவர் செய்தது தவறு. அதை இன்றைக்கும் தவறென்றே சொல்வேன். அவரிடமும் ஒருமுறை சொன்னேன், கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் கூழ் குடித்தவர் பொய், கல்யாணத்துக்கு வராதவர்தான் நிஜம் என்று எழுதி முடிக்க எனக்குக் கை வரவில்லை. இரண்டு பேரும் ஒரே உடம்பில், ஒரே கட்டிலில், எனக்கு முன்னால் படுத்திருந்தார்கள். அவரை எடைபோடும் வேலையை என்னிடம் விடாமல் கடவுள் தன்னிடமே வைத்துக்கொண்டது எனக்கு ஒரு ஆறுதலாகக்கூட இருந்தது.

என் கணவர் வீட்டிலும் அப்பாவோடு பேசவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் கோயிலுக்குக் கிளம்பும் முன் வெந்நீரும் சவரக் கத்தியும் எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போவார். கோணிய கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்து, ஒரு கீறல் விழாமல் மழித்துவிடுவார்.

சார் இறந்தது ஒரு வியாழக்கிழமை விடியற்காலை. சவப்பெட்டி வருவதற்கு முன் என் கணவர் வெந்நீர் கேட்டார். கொண்டுபோய் வைத்துவிட்டு வாசற்படியிலேயே நின்றேன். வழக்கம்போலவே நிதானமாக மழித்து முடித்தார். "நான் இன்னும் மன்னிக்கலப்பா" என்றார். பிறகு அப்பாவின் காதோரம் ஒட்டியிருந்த சோப்பு நுரையைத் தன் கட்டைவிரலால் துடைத்துவிட்டார்.