இன்னாசிமுத்துவின் வாத்தியமும் அதன் சூடும்

மரியசுந்தரம் இன்னாசிமுத்து (1958–2024). வில்லியனூரில் பிறந்தவர். நூற்பாலை ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் மின்பணியாளர். ஞாயிறுதோறும் ஆலயப் பாடற்குழுவில் கீபோர்டு வாசித்தார்.

புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டுக்கு மின்கம்பி மாற்றச் சென்றபோதுதான் அனலாக் சிந்தசைசர் என்ற விசைப்பலகை வாத்தியத்தை முதன்முதலாகக் கேட்டார். டிஜிட்டல் கீபோர்டில் ஒலி கணக்கிடப்படுகிறது. இதிலோ மின்சுற்றிலேயே பிறக்கிறது. எட்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எட்டுக் குரல்கள் எழும். 2018-இல் ஓய்வுபெற்றதும், ஊர் திரும்பவிருந்த அந்தப் பிரெஞ்சுக்காரரிடம் மூன்றரை இலட்சத்துக்கு அதை வாங்கினார். சமையலறைக்கு மேல்தளம் போட வைத்திருந்த பணம் அது. மனைவி அந்தோணி மேரி கேட்டார்:

"நாப்பதாயிரத்துக்கு வர்ற கீபோர்டுல எரநூறு வாத்தியம் கீதாம். இதுல இன்னாங்க கீது?"

"காது கீதே உனக்கு, கேளு."

உள்ளே சூடேறும் வரை அதன் சுருதி நிலைகொள்ளாது. ஆகவே வாசிப்பதற்கு அரைமணி முன்பே இயக்கிவிட்டு, மேல்தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். ஒழுகும் சமையலறையிலிருந்து மேரியின் குரல் வரும்: "உங்க கோழி குஞ்சு பொரிச்சிட்டுதா?"

2024 சனவரியில் பக்கவாதம் அவருடைய இடப்பக்கத்தை முடக்கியது. அதன்பின், உள்ளறைக் கட்டிலில் படுத்தபடி, மகன் ஆரோக்கிய பிரகாஷை நாள்தோறும் மாலையில் கூடத்தில் அந்த வாத்தியத்தை வாசிக்கச் செய்து கேட்டார். மே மாதத்தில் ஓர் இடிமழையின்போது உயர் மின்னழுத்தம் பாய்ந்து வாத்தியம் கருகிற்று. அதற்குரிய மின்னணுச் சில்லு இப்போது உற்பத்தியில் இல்லை என்று சென்னைப் பழுதுபார்ப்பவர் கைவிரித்தார்.

"அப்பாகிட்ட சொல்லிடாதடா. அவரு உசுரே அதுலதான் கீது," என்றார் மேரி.

பிரகாஷ் மலிவான டிஜிட்டல் கீபோர்டு ஒன்றை வாங்கி வந்து, அன்று முதல் அதையே வாசித்தார். உள்ளறையிலிருந்து இன்னாசிமுத்து கூவினார்:

"பாத்தியா மேரி! இந்தச் சத்தம் டிஜிட்டல்ல வருமா?"

"வராதுங்க."

நான்கு மாதங்கள் இவ்வாறே கழிந்தன. மாதா பிறந்தநாள் திருவிழாவுக்கு முந்தைய மாலை வாசிப்பு முடிந்ததும், இன்னாசிமுத்து தம்மைக் கூடத்துக்கு அழைத்துச் செல்லும்படி பிடிவாதம் செய்தார். பிரகாஷ் கீபோர்டை அவசரமாக மேசைக்கடியில் தள்ளிவிட்டுச் சக்கர நாற்காலியை உருட்டி வந்தார். இன்னாசிமுத்து பழைய வாத்தியத்தின் மேல்தகட்டில் வலது உள்ளங்கையை வைத்தார். தகடு குளிர்ந்திருந்தது. கையை எடுக்கவில்லை. மேசைக்கடியில் தெரிந்த கீபோர்டின் கம்பியைப் பார்த்தார்; பிறகு மேரியைப் பார்த்தார். மேரி சன்னலின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சூடாத்தான் கீது மேரி," என்றார் இன்னாசிமுத்து.

பிறகு ஒற்றைக் கையால் உறையை இழுத்து வாத்தியத்தை மூடினார். பிரகாஷ் உதவ வந்தபோது வேண்டாமெனத் தலையசைத்தார். அன்றிரவே இரண்டாம் முறை வாதம் தாக்கியது. அதன்பின் அந்தக் கை எழவில்லை. அவர் தம் கையால் இறுதியாகச் செய்தது, அந்த உறையை ஓரம்வரை இழுத்துச் சரிசெய்ததே: 2024 செப்டம்பர் 7, சனிக்கிழமை.