டெல்மர் கோவாண்டாவின் படல்

ஸ்டீயரிங் இருக்கும் இடது பக்கம் தபால்காரர் டெல்மர் கோவாண்டா உட்காருவதில்லை. காரின் வலது இருக்கையில் உட்கார்ந்து, இடது காலை எட்டி நீட்டிப் பிரேக்கை மிதித்து, இடது கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே, வலது கையால் சாலையோரத் தபால் பெட்டியைத் திறந்து கடிதங்களைச் சொருகிவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்கிறார். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், பிளம் ஃபோர்க் ஊரைச் சுற்றி இருநூற்றுப் பதினாறு பெட்டிகள். தொண்ணூறு மைல், பெரும்பாலும் மண்சாலை. முப்பத்தொரு வருடம் இப்படியே ஓட்டியதில் அவருடைய இடது தொடை வலது தொடையைவிடப் பருத்துவிட்டது. புதுக் கால்சட்டை வாங்கினால் இடது பக்கம்தான் முதலில் பிடிக்கும்.

வயது ஐம்பத்தொன்பது. ஒல்லி. காதுகள் மட்டும் வேறு யாருக்கோ அளவெடுத்தவை. நாய்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மனிதர்களைப் பெட்டி எண்ணால் நினைவு வைத்திருப்பார். அஞ்சலட்டைகளைப் படிக்க மாட்டார் என்று ஊரில் நல்ல பெயர். ஆனால் யார் மகள் எந்த ஊரில் விடுமுறையைக் கழிக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். கேட்டால், "கண்ணுல பட்டுச்சு. படிக்கல. ரெண்டும் வேற" என்பார்.

காலை ஆறு மணிக்கு ஜோலீனின் உணவுக்கடையில் ஜன்னலோர மேசை. கசகசா வைத்த கோலாச்சி ரொட்டி ஒன்று. அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றிக் கடித்துத் தின்றுவிட்டு, நடுவிலுள்ள இனிப்பைக் கடைசியாக ஒரே வாயில் போட்டுக்கொள்வார். எதிரே உட்காருபவர் ஆரின் பூல். மாடு கொழுக்க வைத்து விற்பவர். டெல்மரோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர், அப்போதிலிருந்தே ஒத்துப்போகாதவர். வருடத்தில் எட்டு மாதம் இருவருக்கும் சண்டைக்குப் பல விஷயங்கள் உண்டு. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை ஒன்றே ஒன்றுதான்: படல்.

அது, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் ஒரு வியூகம். ஊரிலுள்ள லேத்ரப் கல்லூரி அணி, எல்லா அணிகளையும் போலவே, பந்துக்கு இரண்டு பக்கமும் சுவர் மாதிரி குனிந்து நின்றுதான் தாக்கும். படலில் அப்படி இல்லை. பந்தைப் பிடித்துக்கொண்டு ஒருவன் மட்டும் நடுவில் அநாதையாகக் குனிந்திருப்பான். அவனுக்குப் பின்னால் பந்து வீசுகிறவன். மீதி ஒன்பது பேரும் கூட்டமாக ஓடிப்போய் மைதானத்தின் ஓரத்தில் நின்றுவிடுவார்கள். ஒரு முளையில் தொங்கி மறுபக்கம் விரியத் திறந்து கிடக்கும் பண்ணைப் படல் போல இருக்கும் பார்ப்பதற்கு. பந்து நடுவே போகுமா, ஓரத்துக்குப் போகுமா என்று எதிரணிக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் அதன் சூட்சுமம்.

"திறந்த படல் வழியா மாடு வெளிய ஓடித்தான் பார்த்திருக்கேன். எதுவும் உள்ள வந்து பார்த்ததில்ல" என்பார் ஆரின்.

"மாட்டைப் பத்திப் பேசலய்யா. எதிர்ல நிக்கிறவன் பத்தொம்பது வயசுப் பய. இங்க எத்தன பேரு, அங்க எத்தன பேருன்னு அவன் விரல் விட்டு எண்ணி முடிக்கிறதுக்குள்ள நம்ம ஆளு கோட்டத் தாண்டியிருப்பான்."

"நம்ம பயலுவ மட்டும் என்ன, கணக்குல புலியா? பதினோரு பேரும் ஒரே நேரத்துல ஒண்ண ஞாபகம் வெச்சுக்கணும். என் வீட்டுல நாங்க ரெண்டே பேரு. குப்பை வண்டி எந்தக் கிழமை வருதுன்னு இன்னி வரைக்கும் தெரியல."

"உங்க வீட்டுல ஒரு ஆளுக்குத் தெரியும். உன்கிட்ட சொல்றதில்ல, அவ்வளவுதான்."

காபி ஊற்ற வரும் ஜோலீன் சிரிப்பாள். ஆரின் சிரிக்க மாட்டார். "நேரா நின்னு மோதி ஒரு கெஜம் போக வக்கில்லாதவன்தான் ஓரமாப் போய் நிப்பான். அது ஆட்டமில்ல, ஏய்ப்பு."

இந்த இடத்தில் டெல்மர் ரொட்டியைக் கீழே வைத்துவிடுவார். அவருடைய சிறந்த வாதம் இதுதான். பலமுறை சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட வாதம். "ஒரு தடவ காட்டிட்டாப் போதும்யா. அப்புறம் நம்மளோட மோத வர்ற ஒவ்வொரு டீமும் வியாழக்கிழமை பிராக்டிஸ்ல அரை மணி நேரம் நம்ம படலுக்குன்னு ஒதுக்கியே ஆகணும். நாம போடுறோமோ இல்லையோ, அவன் ஒதுக்கணும். அந்த அரை மணி நேரத்த நாம அவன்கிட்டேருந்து திருடிட்டோம்."

"ஆக, திருட்டுன்னு ஒத்துக்கிற."

டெல்மர் ரொட்டியை மறுபடி கையில் எடுத்துக்கொள்வார். மறுநாள் காலை எதுவுமே முடிவாகாததுபோல் இருவரும் முதலிலிருந்து தொடங்குவார்கள்.

பேச்சோடு அவர் நிற்கவில்லை. பதினெட்டு வருடத்தில் லேத்ரப் கல்லூரிக்கு நான்கு பயிற்சியாளர்கள் வந்தார்கள். நான்கு பேருக்கும் கையால் எழுதி, பதினொரு வட்டங்கள் போட்டுப் படம் வரைந்து, முறையாகத் தபால் தலை ஒட்டிக் கடிதம் அனுப்பினார். பயிற்சியாளருக்குக் கல்லூரி கொடுக்கும் வீடு டெல்மரின் பாதையில்தான் வருகிறது. எனவே தன் கடிதத்தைத் தானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டார். பதில் வருகிறதா என்று தானே கவனித்துக்கொண்டார். முதல் இரண்டு பேரிடமிருந்து பதில் இல்லை. மூன்றாமவர் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார்.

நான்காமவர் மார்கஸ் டீக். முப்பத்து நான்கு வயது. இந்த செப்டம்பரில் ஒரு நாள் காலை, அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஜோலீன் கடைக்கே வந்துவிட்டார்.

"இதுல விஷயம் இருக்கு, டெல்மர். இந்த சீசன்ல ஒரே ஒரு தடவ போடுறேன். எப்பன்னு கேக்கக் கூடாது. பலிச்சா அடுத்த வருஷத்துலேருந்து அது நம்ம ஆட்டத்துல ஒரு பாகம். பலிக்கலைன்னா அதோட முடிஞ்சுது. நீங்களும் லெட்டர் போடுறத நிறுத்திடணும். சரியா?"

டெல்மர் எழுந்து நின்று கைகுலுக்கினார். அன்று ஆரின் பூலுக்கு வந்த கடிதங்களெல்லாம் பக்கத்துப் பண்ணைப் பெட்டிக்குள் போய் விழுந்தன. முப்பத்தொரு வருடத்தில் அவர் தவறவிட்டது அந்த ஒரு பெட்டிதான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. சனிக்கிழமைகளில் டெல்மர் யார் பக்கமும் இல்லை. இருபத்தாறு வருடமாக லேத்ரப் மைதானத்தில் அவர் கம்பு பிடிக்கிறார். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும் என்பது ஆட்டம்; பந்து எங்கே கிடக்கிறது, இது எத்தனையாவது முயற்சி என்பதை எல்லாருக்கும் காட்டுவது, உச்சியில் எண் மாட்டிய அந்தக் கம்பு. பத்து கெஜச் சங்கிலியின் முன்முனையைப் பிடித்திருப்பவர் ஆரின். இவர்கள் நடுவர்களின் ஆட்கள். கைதட்டக் கூடாது, முகம் காட்டக் கூடாது, ஆட்டக்காரர்களிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. நிற்பதும் விருந்தாளி அணியின் பக்கம். "பெரிசு, ஒத்திப்போ, மறைக்குது" என்று எதிரணிப் பயல்கள் கத்துவார்கள். டெல்மர் இருபத்தாறு வருடத்தில் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

"திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் எனக்கு வாய் இருக்கு. சனிக்கிழமை கம்பு மட்டுந்தான்" என்பார்.

நவம்பரில் கடைசி ஆட்டம், டோர்செட் கல்லூரியோடு. மூக்கு நுனி மரத்துப்போகும் வடக்குக் காற்று. அதுவரை டீக் படலைத் தொடவில்லை. லேத்ரப் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது; பந்தோடு எல்லையைத் தாண்டினால் ஆறு புள்ளி. இன்னும் இரண்டு நிமிடம். எல்லைக்குப் பதினான்கு கெஜம், நான்காவது முயற்சி, முன்னேற வேண்டியது மூன்று கெஜம். எதிர்ப்பக்கத்திலிருந்து டீக் கையை உயர்த்தி ஓரத்தைக் காட்டினார். ஒன்பது பேர், கூடி நின்று பேசிய வட்டத்தைக் கலைத்துக்கொண்டு டெல்மரை நோக்கி ஓடிவந்தார்கள்.

பதினெட்டு வருடம் காகிதத்தில் கிடந்த வட்டங்கள் மூச்சிரைக்க அவர் எதிரே வந்து நின்றன. டோர்செட் பயல்கள் திகைத்தார்கள். ஒருவன் நிஜமாகவே விரலை நீட்டி எண்ணத் தொடங்கினான்.

பந்து கிடக்கும் கோட்டில் தாக்கும் அணியின் ஏழு பேராவது நிற்க வேண்டும் என்பது விதி. நடுவில் பந்தோடு ஒருவன், ஓரத்தில் ஆறு பேர், அவர்களுக்குப் பின்னால் மூன்று பேர். அந்த ஆறில் கடைசி ஆள், டெல்மருக்கு மிக அருகில் நின்றவன், ஐசக் லிண்ட். நூற்று எழுபத்திரண்டாம் பெட்டி வீட்டுப் பையன். அவன் கோட்டிலிருந்து ஒரு எட்டு பின்னால் நின்றிருந்தான். கோட்டில் ஆறு பேர்தான் இருந்தார்கள். எல்லைக்கோட்டு நடுவர் அதைப் பார்த்துவிட்டார். அவருடைய கை கொடி இருக்கும் இடுப்புக்குப் போயிருந்தது.

ஐசக் தலையைத் திருப்பி டெல்மரைப் பார்த்தான். சரியாக நிற்கிறேனா என்று கேட்கிற பார்வை. படல் யாருடையது என்று ஊரில் எல்லாரையும் போல அவனுக்கும் தெரியும். டெல்மர் முகவாயை ஒரு அங்குலம் அசைத்தால் போதும். அவன் முன்னால் வந்துவிடுவான்.

"டெல்மரு." மூன்று கெஜம் தள்ளி நின்ற ஆரினின் குரல், உதடு அசையாமல். "பய பின்னால நிக்கிறான். சொல்லித் தொலையேன்யா."

டெல்மர் தலையை உயர்த்தித் தன் கம்பின் உச்சியைப் பார்த்தார். எண் நான்கு என்றிருந்தது. சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்து பக்கவாட்டில் பறந்தது. ஓரத்துக் கூட்டம் சுவராகி முன்னால் நகர்ந்தது. பந்தை வாங்கியவனை ஒரு கைகூடத் தொடவில்லை. அவன் எல்லைக்குள் நடந்தே போனான். எதிர்ப்பக்கத்தில் ஊர் மொத்தமும் எழுந்து நின்று கத்தியது, பேண்டு வாத்தியம் தொடங்கியது, யாரோ ஒருவர் தொப்பியை மைதானத்துக்குள் எறிந்தார். தவறு என்று நடுவர் எறிந்த மஞ்சள் கொடி புல்லில் கிடப்பதை அவர்கள் கவனிக்கச் சற்று நேரம் ஆயிற்று. அந்தப் புள்ளிகள் செல்லாது; ஐந்து கெஜம் பின்னால் போய், அதே நான்காவது முயற்சியை மறுபடி வழக்கமான முறையில் ஆடினார்கள். வீசிய பந்து யார் கையிலும் சேராமல் தரையில் விழுந்தது. லேத்ரப் தோற்றது.

திங்கட்கிழமைக்குள் பிளம் ஃபோர்க் ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்திருந்தது: நடுவருக்குக் கண் தெரியாது. பத்து வருடமாகப் படலைக் கேலி செய்தவர்கள்கூட அதன் பக்தர்களாகிவிட்டார்கள். ஜோலீன், கேட்காமலே டெல்மருக்கு இரண்டாவது கோலாச்சி வைத்தாள். "ஒருத்தன் கைகூடப் படலியே, டெல்மரு! நான் இங்க ரேடியோவுல கேட்டுக்கிட்டே அழுதுட்டேன்."

ஆறரைக்கு டீக் வந்தார். இரண்டு நாளாகத் தூங்காத முகம். தொப்பியைக் கழற்றாமல் ஆரினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வீடியோவ நாப்பது தடவ பார்த்துட்டேன். படம் எடுத்த பய கேமராவ பந்து மேலயே வெச்சிருக்கான். ஐசக் படத்துலயே இல்ல. அவனக் கேட்டா, கோட்டுலதான் நின்னேன்னு சொல்றான். பொய் சொல்ற பையன் இல்ல."

"இல்லதான்" என்றாள் ஜோலீன்.

"அவன் சொல்றது நிஜம்னா படல் பலிச்சதாத்தான் அர்த்தம். தப்பு நடுவர் மேல. நான் சொன்ன சொல்லு சொல்லுதான். அடுத்த வருஷம் நாலு விதமாப் போட்டுப் பழக்கலாம்னு இருக்கேன்." அவர் முதலில் ஆரின் பக்கம் திரும்பினார். "நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

படலை ஏய்ப்பு என்று இத்தனை வருடம் சொன்ன ஆரின் பூல், காபியைக் கரண்டியால் கலக்கினார். அவர் காபியில் சர்க்கரையும் இல்லை, பாலும் இல்லை.

"நான் சங்கிலியப் பார்த்துக்கிட்டிருந்தேன், கோச். ஒண்ணும் கவனிக்கல."

டெல்மர் அவரைப் பார்த்தார். ஆரின் ஜன்னலுக்கு வெளியே, தன் லாரியின் முன்சக்கரத்தில் ஏதோ குறை இருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீக் மேசை நடுவிலிருந்த கூடையைக் கவிழ்த்தார். விரல்நீள ஜாம் டப்பாக்கள் உருண்டன. பதினொன்றைப் பொறுக்கி மேசைமேல் அடுக்கினார். நடுவில் ஒன்று, அதன் பின்னால் ஒன்று. ஓரத்தில் ஆறு, அளவுகோல் வைத்ததுபோல் ஒரே நேராக. அவற்றின் பின்னால் மூன்று.

"இப்படித்தான நின்னாங்க, டெல்மர்? நீங்க சொன்னாப் போதும். இந்த ஊர்ல உங்க வார்த்தையத் தாண்டி யாரும் பேச மாட்டாங்க."

ஜோலீன் காபிக் குடுவையைச் சாய்த்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். டெல்மர் அந்தப் பதினொரு டப்பாக்களையும் பார்த்தார். அவர் வரைந்த படம் அச்சுப் பிசகாமல் அப்படியே இருந்தது. வலது கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு ஆட்காட்டி விரலை ஓரத்து ஆறில் கடைசி டப்பாவின் மூடிமேல் வைத்து, அதை ஒரு விரற்கடை பின்னால் இழுத்து நிறுத்தினார்.