அவர் பைத்தியமே என்று கூப்பிடாத நாலு நாள்

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஐந்தாவது வரைதான் படித்தேன். பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓசூரில் எங்கள் தெருவில் பைத்தியம் என்ற சொல் இல்லாமல் பொழுது போகாது. பாலைப் பொங்கவிட்டவள் பைத்தியம். டிவியில் கிரிக்கெட்டை விட்டு எழாதவனும் பைத்தியம். மதுரைப் பக்கத்தார் கிறுக்கு என்பார்கள், கம்பெனிப் பிள்ளைகள் லூசு என்பார்கள், எதிர்வீட்டுக் கன்னடத்து அக்கா ஹுச்சி என்பார். என் வீட்டுக்காரருக்கு நான் ‘பைத்தியமே’. கல்யாணமானதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவார். குழம்பு நன்றாக இருந்தாலும் அதுதான், உப்பு கூடினாலும் அதுதான்.

ஒருநாள் பழசுக்குப் பாத்திரம் கொடுக்கிற தெலுங்குக்காரி வந்தாள். சுவர்மேல் வெளுத்துக் கிடந்த ஷூவைக் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கினேன். அது கம்பெனியில் கொடுத்த, முனையில் இரும்பு வைத்த ஷூவாம். மழையில் நனைந்ததென்று அவர் காயவைத்திருந்தார். மறுநாள் அது இல்லாமல் போனவரைக் கம்பெனி கேட்டில் உள்ளே விடவில்லை. திரும்பி வந்தவர் திட்டவே இல்லை.

“சாப்பாடு எடுத்து வைங்க” என்றார்.

வைங்களாம்! நாலு நாள் அதே மரியாதை. யாருடைய ஷூவையோ இரவல் வாங்கிப் போட்டு நொண்டிக்கொண்டே வேலைக்குப் போய் வந்தார்.

“ஹுச்சி, திட்டலைன்னா நல்லதுதானே?” என்றார் எதிர்வீட்டு அக்கா.

“உங்களுக்குத் தெரியாதுக்கா” என்றேன். அதற்குமேல் சொல்ல வெட்கம்.

ஐந்தாம் நாள் மத்தியானம் பக்கத்துத் தெருவில் பாத்திரக்காரியின் குரல். செருப்புகூடப் போடாமல் குடத்தோடு ஓடினேன். நல்லவேளை, ஷூ இன்னும் மூட்டையின் அடியில் கிடந்தது.

“ஏம்மா பிச்சி, இதுக்கா இந்த ஓட்டம் ஓடியாந்தே?” என்று தெலுங்கிலும் என்னைப் பைத்தியமாக்கிவிட்டு, குடத்தை வாங்கிக்கொண்டாள்.

திரும்பும்போது தார் ரோடு கொதித்தது. அந்த ஷூவையே காலில் மாட்டிக்கொண்டேன். புடவையைத் தூக்கிப் பிடித்து, டக் டக்கென்று திருப்பத்துக்கு வந்தால் கம்பெனி பஸ் நிற்கிறது. முதல் ஷிப்ட் முடிந்து அவர் இறங்குகிறார். ஜன்னல் முழுக்கத் தலைகள்.

அவர் என் காலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

“அடி பைத்தியமே! லேசைக் கட்டுடி, உழுந்து தொலையப் போறே!”

பஸ்ஸே சிரித்தது. எனக்கு லேஸ் கட்டத் தெரியாது. அப்படியே இழுத்துக்கொண்டு வீடு வந்தேன். அன்றைக்குக் குழம்பில் உப்பு கூடிவிட்டது. நல்லதாய்ப் போச்சு, இன்னொரு தரம் கூப்பிட்டார்.

குடம் பச்சையா நீலமா, பஸ்ஸில் எத்தனை பேர், எதுவும் சரியாக நினைவில்லை. யாராவது அவரிடம் கேட்டுச் சரிபாருங்கள். நான் கேட்டால் பதிலுக்கு முன்னால் அந்தச் சொல்தான் வரும்.