தீட்டுக்குள் விதைத்த பாண்டீஸ்வரி

பாண்டீஸ்வரி அத்தையைப் பற்றி எங்கள் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதில் பாதி பொய். அந்தப் பொய்யில் பாதி நான் கிளப்பிவிட்டது. அதனால் உள்ளதை உள்ளபடி ஒரு தடவையாவது எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தைக்கு வயது நாற்பத்து மூன்று. படிப்பு எட்டாவது. நான் ஒன்பதாவது வரை போனவன் என்பதால் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அவர் வீட்டுக்காரர் முத்துராமலிங்கம் மாமா புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை விடியும்போது போய்விடுவார். ஒன்றே முக்கால் ஏக்கர் நிலத்தை அத்தை ஒருவர்தான் பார்க்கிறார்.

அந்த நிலம் கடைமடையில் இருக்கிறது. கண்மாய்த் தண்ணீர் ஊரார் வயலையெல்லாம் தாண்டி அத்தையின் வரப்புக்கு வந்து சேரும்போது அதில் ஒரு கொக்கு கால் நனைக்க முடியாது. மூன்று வருடமாக, கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் நின்றுபோய் அத்தனையும் பதர். “இந்த வருசமும் பதருன்னா தைலமரத்துக்காரனுக்கு விட்ருவோம்” என்று மாமா சொல்லிவிட்டார். தைலமரம் ஏறிய நிலத்தில் மறுபடி நெல்லைப் பார்ப்பது லேசில்லை. அத்தை அன்று சட்டியைக் கழுவினார். தெரு முழுக்கக் கேட்டது.

இந்த இடத்தில்தான் தேவிகா மேடம் வருகிறார். வேளாண்மைத் துறையில் உதவி அலுவலர். பதினோரு கிராமம், ஒரு ஸ்கூட்டி. எங்கள் ஊருக்கென்று வாட்ஸ்அப் குழு ஒன்று வைத்திருக்கிறார். அதில் காலையில் ரோஜாப்பூ வரும், பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் வருவார், நடுவில் மேடம் மழை பற்றியோ பூச்சி பற்றியோ ஏதாவது போடுவார். எல்லாரும் கும்பிடுகிற படத்தைப் பதிலுக்குப் போடுவார்கள். படிப்பது ஒரே ஆள். அத்தை எழுத்துக்கு அடியில் விரல் வைத்துப் படிப்பார். பிறகு நாலு நிமிடத்துக்குக் குறையாமல் குரல் பதிவில் சந்தேகம் கேட்பார்.

இருவரும் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். நாற்றங்கால் வேண்டாம், நடவு வேண்டாம். நூற்றுப்பத்து நாளில் விளையும் நெல்லைப் பொட்டாஷ் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் வரிசையாக விதைத்துவிட வேண்டும். முதல் மழையில் முளைத்துவிடும். கண்மாய் வற்றுவதற்குள் அறுத்துவிடலாம். ஆனால் மழை முந்திக்கொண்டால் புழுதி சேறாகிவிடும். பிறகு நடவுதான், பழையபடி பதர்தான்.

எல்லாம் சரி. ஆனால் எங்கள் ஊரில் முதல் விதை, ஊர்ப் பெரியதனக்காரரான அம்பலம் வீட்டு வயலில்தான் விழ வேண்டும். உழவு யாரும் எப்போதும் ஓட்டலாம். விதை மட்டும் அவர்கள் போட்ட பிறகுதான். ஏன் என்று கேட்டால், “அப்படித்தான்” என்பார்கள்.

போன வருடம் புரட்டாசி இரண்டாம் தேதி, சேவுகப்பெருமாள் அம்பலத்தின் பெரியப்பா இறந்துபோனார். பதினாறு நாள் தீட்டு. அதுவரை அந்த வீட்டில் யாரும் விதையைத் தொடக் கூடாது. அவர்கள் தொடாமல் ஊர் தொடாது. ஏழாம் தேதி மேடத்தின் செய்தி வந்தது: ஐந்து நாளில் நல்ல மழை, புழுதி விதைப்பை உடனே முடியுங்கள். குழுவில் இருபத்தாறு கும்பிடு.

மேடம் நேரே அம்பலத்திடம் போய் நின்றார்.

“மேடம், நீங்க வாரீக, சொல்றீக, ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டுப் போயிருவீக. நாங்க இங்கனதான கெடக்கணும்? பழக்கத்த மாத்தச் சொல்லாதீக.”

“மழைக்குத் தேதி நான் குறிக்கலைங்கய்யா.”

“நாங்களுந்தான் சாவுக்குத் தேதி குறிக்கல.”

மேடம் சோர்ந்துபோய் அத்தை வீட்டுக்கு வந்தார். ஸ்கூட்டியின் பின்னால் கையால் தள்ளி விதைக்கும் கருவியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்.

“அக்கா, எனக்கென்ன, மிஞ்சிப் போனா மாத்திவிடுவாங்க. நீங்க இந்த ஊர்லயே இருக்கணும். யோசிச்சுக்கங்க.”

“யோசிச்சாச்சு. மெசின எறக்கு தாயி.”

அந்தக் கருவிக்கு முன்னால் ஒரு சக்கரம், மேலே விதைப்பெட்டி, பின்னால் பிடி. பார்த்தால் குழந்தை வண்டி மாதிரியே இருக்கும். வாய்க்கால் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்களில் முதலில் வாயைத் திறந்தது டிராக்டர் வைத்திருக்கும் முத்தரசு. அத்தைக்குக் கொழுந்தன் முறை.

“மதினி, பிள்ளைய எங்குட்டு தள்ளிக்கிட்டுப் போறீக?”

“ஒன்னைய ஒங்காத்தா இப்படி நாலு தடவ வெளிக்காத்துல தள்ளியிருந்தா நீ உருப்பட்டிருப்ப!”

கரையே சிரித்தது. நானும்தான்.

புழுதிக்கட்டியில் சக்கரம் சிக்கியது. மேடம் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் கயிறு போட்டு இழுத்தார். அத்தை பின்னால் தள்ளினார். மேடம் மற்ற ஊர்களுக்குப் போன நேரத்தில் அத்தையே கயிற்றையும் இழுத்து, திரும்பி வந்து பிடியையும் நிமிர்த்தினார். முதல் நாளில் அரை ஏக்கர்கூட ஆகவில்லை.

இரண்டாம் நாள் அம்பலமே வந்துவிட்டார். ஆனால் தீட்டுக்காரர் விதைத்த வயலில் கால் வைக்கக் கூடாது. அதனால் அவர் வண்டிப்பாதையிலேயே நின்று கத்த வேண்டியிருந்தது.

“ஏத்தா பாண்டீசு! யாரக் கேட்டு வெதைக்கிற?”

“மழையக் கேட்டு மாமா!”

“தீட்டு கழியிற வரைக்கும் பொறுக்க மாட்டியோ?”

அத்தை பிடியை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“பெரியவரு போனதுக்கு நானும் வந்து ஒக்காந்து அழுதேன் மாமா. எம் நெலம் செத்தா யாரு வந்து அழுவா?”

அம்பலம் விரலை நீட்டினார். “ஒனக்கு இந்த வருசம் கண்மாய்ல முறைத்தண்ணி கெடையாது. பாத்துக்க.”

“கடைமடைக்கு எப்ப மாமா முறை வந்துச்சு, இப்ப நிறுத்துறதுக்கு?”

கரையில் மறுபடி சிரிப்பு. அம்பலம் திரும்பிப் பார்த்ததும் எல்லாருக்கும் இருமல் வந்துவிட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கோயில் மைக்கில் மேடம் குழுவில் போட்ட குரல் பதிவு: “வரும் வெள்ளிக்கிழமை மழை எதிர்பார்க்கப்படுகிறது. விவசாயிகள் விதைப்பை உடனடியாக முடித்துக்கொள்ளவும்.” மூன்று தடவை ஒலித்தது. போட்டது யார் என்று இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கவும் வேண்டாம். அன்று மத்தியானம் முத்தரசு தலையைச் சொறிந்துகொண்டு அத்தையின் வரப்பில் வந்து நின்றார். நெல்லை எத்தனை மணி நேரம் ஊறவைப்பது என்று கேட்டார். இன்னொருவர் போனில் கேட்டார். அவ்வளவுதான். மற்றவர்கள் கருமாதிக்குக் காத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. இன்னும் எட்டு வரிசை பாக்கி. ஐந்தாவது வரிசையில் தூறல் விழுந்து சக்கரத்தில் சேறு அப்பியது. அத்தை கருவியைக் கவிழ்த்துப் போட்டார். குனிந்து, கடைசி மூன்று வரிசையையும் விரலால் கீறிக் கீறிக் கையாலேயே விதைத்தார். முடிக்கும்போது அவர் முகத்தில் மழை எது, மற்றது எது என்று தெரியவில்லை. எனக்குக் கண்ணில் தூசி.

ஏழாம் நாள் பச்சைக் கோடு போட்ட மாதிரி முளைத்தது. கோணல் கோடுதான். அம்பலம் சொன்னபடியே, ஊருக்குத் தண்ணீர் திருப்பிவிடும் நீர்பாய்ச்சி வந்து அத்தையின் வாய்க்காலைச் சேறு வைத்து அடைத்தார். மார்கழிப் பாதியில் மழை ஏமாற்றியது. அதற்குள் அத்தையின் கதிர் மழைத் தண்ணீரிலேயே பால் பிடித்துவிட்டது. தை பிறந்து நாலாம் நாள் அத்தை வயலில் அறுப்பு மிஷின் இறங்கியது. கதிர் முழுக்க மணி. கண்மாய் அதற்கு அடுத்த வாரமே தரை தட்டிவிட்டது. கருமாதி முடித்து நாற்றுவிட்டு நட்டவர்களின் பயிர் அப்போதுதான் பால் பிடித்துக்கொண்டிருந்தது. அம்பலத்துக்குப் பாதி கிடைத்தது. அதைப் பற்றி அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள்தான் பேசினோம்.

மாமா வரப்பில் நின்று நெல்லை அள்ளி அள்ளிப் பார்த்தார். ஆலையில் எத்தனையோ நெல் பார்க்கிறவர், இதை மட்டும் கீழே போட மனமில்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு செல்போனை எடுத்தார்.

“தைலமரத்துக்காரன் நம்பர அழிச்சிரவா?”

“நீங்க அழிக்க வேணாம். அவன் பேசுன அன்னைக்கே நான் அழிச்சுட்டேன்.”

மாசியில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். பழக்கத்தை மீறியதற்கு மன்னிப்புக் கேள் என்றார்கள். “தப்புப் பண்ணவுக கேக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அத்தை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். இன்னும் நாலைந்து வீட்டில் அவரோடு பேச்சு இல்லை. நீர்பாய்ச்சியும் வாய்க்காலைத் திறக்கவில்லை.

இந்த வருடம் கருவி கேட்டு மேடத்திடம் ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நேற்று புரட்டாசி ஒன்று. முதல் விதைக்கு அம்பலம் வீட்டில் இன்னும் நாள் பார்க்கவில்லை. அத்தை வயலில் இருபது வரிசை முடிந்துவிட்டது.