சுவர் மேல் உட்கார்ந்த கோச்சுகள்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். வந்தவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. யாரோடு இப்படி மல்லுக்கட்டுகிறான் என்று எட்டிப் பார்த்தேன். அமெரிக்காவில் ஏதோ ஒரு பாஸ்கெட்பால் அணி இந்த வருடம் வரிசையாகத் தோற்கிறதாம். குற்றம் கோச் மேலா, கேப்டன் மேலா, பழைய ஆட்டக்காரருக்கு இருந்த தலைமைக் குணம் இவருக்கு இருக்கிறதா இல்லையா என்று ஒரு குழுவில் பெரிய வாக்குவாதம். ஒருத்தன் பிலிப்பைன்ஸிலிருந்து திட்டுகிறான், ஒருத்தன் பிரேசிலிலிருந்து திட்டுகிறான், இவன் திண்டுக்கல்லிலிருந்து சமாதானம் சொல்கிறான். அந்த அணிக்காரர்கள் இவர்களிடம் யோசனை கேட்டதாகத் தெரியவில்லை. "நீங்க சொல்லுங்க மாமா, ஆல் டைம் பெஸ்ட் கேப்டன் யாரு?" என்று என்னையும் இழுத்தான். ஞானப்பிரகாசம் என்றேன். எந்த டீம் என்று போனில் தேட ஆரம்பித்துவிட்டான். அவன் தேடிக்கொண்டிருக்கட்டும், நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்த நேரம் பார்த்து அடுப்படியில் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் ஞானப்பிரகாசத்துக்கு முன்னால் எனக்கு ஞாபகம் வந்தவர் மண்டி கருப்பையா. வெங்காயக் கமிஷன் மண்டி வைத்திருந்தார். சாயங்காலம் மண்டியைப் பூட்டிவிட்டு நேரே மைதானத்துக்கு வருவார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மேட்ச் பார்த்தால் நம் அணி தோற்பதற்கு முன்பே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். தொண்ணூறுகளின் நடுவில், நாகல் நகரில் ஒரு பிஸ்கட் ஏஜென்சியில் நான் பில் போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

மைதானம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சிமென்ட் தளம், இரண்டு போர்டு, ஓரமாக இடுப்பளவுக்கு ஒரு சுற்றுச்சுவர். அந்தச் சுவர்தான் எங்கள் கேலரி. எங்கள் அணி எல்லாக் கோடைப் போட்டியிலும் தவறாமல் கலந்துகொண்டு தவறாமல் தோற்கும். தோற்றால்தானே பேச்சு இருக்கும். மேட்ச் முடிந்து ஆட்டக்காரர்கள் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்கள், சுவரில் விசாரணை நடந்துகொண்டிருக்கும். விசாரணைக்குத் தலைவர் சவரிமுத்து வாத்தியார். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவர். எங்கள் ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு போரை உதாரணம் காட்டுவார், அதில் தோற்ற ராஜா செய்த பிழையையே நம் கேப்டனும் செய்தான் என்று முடிப்பார். சுவரில் இருந்த யாரும் பாஸ்கெட்பால் ஆடியவர்கள் இல்லை. கருப்பையா மட்டும், ஒருமுறை பந்து எல்லை தாண்டி வந்து மடியில் விழுந்தபோது அதைச் செத்த நேரம் வைத்திருந்தார். அந்த அனுபவத்தில் அவர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் உரத்துப் பேசுவார்.

சுவரில் நிரந்தரமான வழக்கு ஒன்று இருந்தது. ஊரின் மிகப் பெரிய ஆட்டக்காரர் யார் என்பது. அல்போன்ஸ் என்று ஒருவர் எங்களுக்கு முந்தின தலைமுறையில் ஆடி, அதை வைத்தே ரயில்வேயில் வேலை வாங்கிக்கொண்டு வடக்கே போய்விட்டார். போனவர் வளர்ந்துகொண்டே இருந்தார். நான் சுவரில் சேர்ந்த புதிதில் ஆறடி இருந்தார், நான் பார்க்கப் பார்க்க ஆறரையைத் தாண்டினார். அவர் சத்தம் போட்டால் மலைக்கோட்டையில் கேட்குமாம், எதிரணிக்காரன் கையிலிருந்து பந்து தானாக நழுவுமாம். அப்படிப்பட்ட அல்போன்ஸோடு ஒப்பிடுவதற்கென்றே எங்களுக்கு வாய்த்த கேப்டன் ஞானப்பிரகாசம், சுருக்கமாக ஞானம்.

ஞானம் ஊருக்கு வெளியே ஒரு நூல் மில்லில் தற்காலிகத் தொழிலாளி. அணிக்குப் பனியன் வாங்கித் தந்ததும் அந்த மில்தான். ஆள் ஒல்லி, ஆட்டம் சுத்தம், வாய் மட்டும் திறக்காது. தலைவன் என்றால் அதட்ட வேண்டும், மிரட்ட வேண்டும், குறைந்தபட்சம் அம்பயரிடமாவது சண்டைக்குப் போக வேண்டும் என்பது சுவரின் தீர்மானமான கருத்து. ஞானம் மூன்றும் செய்ய மாட்டார். அவரிடம் தலைமைக் குணம் இல்லை என்பதில் அல்போன்ஸ் கட்சிக்கும் ஞானம் கட்சிக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

அவர் எங்கே பேசுவது? இங்கேதான் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் டைம் அவுட் கேட்டால் கோச் பேசுவார், ஆட்டக்காரர்கள் கேட்பார்கள். எங்கள் ஊரில் விசில் அடித்ததும் சுவர் மொத்தமும் இறங்கி உள்ளே ஓடும். ஐந்து பேரைச் சுற்றி ஐம்பது பேர். ஸோன் ஆடு, அவனவன் இடத்தைக் காத்து நில் என்பார் வாத்தியார், ஆளுக்கு ஆள் பிடி என்பார் கருப்பையா, ஓடி ஆடு என்று ஒருவர், நிதானமாக ஆடு என்று அவர் தம்பி. ஞானம் நடுவில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்தபடி எல்லோருக்கும் தலையாட்டுவார். சரி சார், சரிங்க மாமா, செஞ்சிருவோம்ணே. அதற்குள் நேரம் முடிந்துவிடும். சுவரை உள்ளே விடக்கூடாது என்று அம்பயர்கள் ஆரம்பத்தில் போராடிப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் கூட்டத்தில் ஒருவராக நின்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த வருடம் கோடைப் போட்டியில் எப்படியோ செமி ஃபைனல் வரை வந்துவிட்டோம். மில் மேனேஜர் ஒரு விஷயம் சொல்லி அனுப்பினார். ஃபைனலுக்குப் போனால், அதற்குக் காரணமான ஆட்டக்காரர் ஒருவருக்கு மில்லில் நிரந்தர வேலை. ஞானத்துக்கு அப்போது இரண்டு பெண் குழந்தைகள். தற்காலிகத்திலேயே வயது போய்க்கொண்டிருந்தது, வாடகை வீடு மாறிக்கொண்டே இருந்தது. அந்த வேலை அவருக்குத்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. எனக்கும் அப்படித்தான் ஆசை. அவர் மனைவி மேட்ச் அன்றைக்குக் காலையில் மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றியதை என் அம்மாவே பார்த்தார்.

எதிரணி மேற்கே மலையடிவாரத்து ஊர்க்காரர்கள். வருடா வருடம் எங்களை உரித்து எடுப்பவர்கள். மேனேஜர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டம் ஆரம்பித்ததிலிருந்தே ஞானத்தை இரண்டு பேர் ஒட்டிக்கொண்டார்கள். அவர் எறிந்த பந்தெல்லாம் ரிங்கில் பட்டுப் பட்டு வெளியே போனது. சுவர் பாசத்தில் துடித்தது. "நீயே அடி ஞானம், நீயே அடி" என்று இடைவேளை வரை ஒரே கூப்பாடு. முதல் டைம் அவுட்டில் வழக்கம்போல இறங்கிப் போய், ஆளாளுக்கு அதையே அவர் காதில் சொல்லிவிட்டு வந்தோம். அவரும் தலையாட்டிவிட்டுப் போய் இன்னும் இரண்டைத் தவறவிட்டார்.

ஆட்டம் முடியப்போகிற நேரம், கொஞ்சம் பின்தங்கியிருந்தோம். ஞானம் மறுபடி டைம் அவுட் கேட்டார். விசில் அடித்ததுதான் தாமதம், கன்னிவாடி செல்வம் தளத்தின் அந்தக் கோடியில் "ஐயோ காலு" என்று மல்லாந்துவிட்டான். அவன்தான் எங்கள் அணியின் தடியன். சுவர் மொத்தமும் அவனை நோக்கி ஓடியது. சோடா வந்தது, தைலம் வந்தது. வாத்தியார் பெருவிரலை மடக்கச் சொன்னார், கருப்பையா நீட்டச் சொன்னார். வலது காலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது செல்வம் இடது பக்கம் திரும்பி முனகினான். உடனே பாதிப் பேர் இடது காலுக்கு மாறினார்கள். எந்தக் கால் என்று அவனிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவன் பாடு திண்டாட்டமாகியிருக்கும்.

எனக்குக் கால் கிடைக்கவில்லை. கூட்டத்தில் நுழைய இடமில்லாமல் இந்தப் பக்கம் வந்துவிட்டேன். இங்கே ரிங்குக்குக் கீழே மற்ற நான்கு பேர் மட்டும் தனியாக நின்றிருந்தார்கள். ஞானம் பேசிக்கொண்டிருந்தார். அத்தனை வருடத்தில் அவர் முழுதாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"இனிமே எனக்குப் பந்து தராதீங்க. முருகேசனுக்கே குடுங்க. அவன் விட்டாலும் மறுபடி அவனுக்கே குடுங்க. நான் அந்த ரெண்டு பேரையும் இழுத்துட்டு அந்த ஓரத்துக்குப் போயிர்றேன்."

முருகேசன் சாணார்பட்டிப் பையன். வீட்டில் பூத்தோட்டம். அவனும் அதே மில்லில் தற்காலிகம்தான், சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவன் மேனேஜர் பக்கம் கண்ணைக் காட்டி, "அண்ணே, அவரு பாத்துக்கிட்டு இருக்காருண்ணே" என்றான்.

"பாக்கட்டும்" என்றார் ஞானம்.

அவ்வளவுதான் நடந்தது. செல்வம் இரண்டு காலாலும் எழுந்து ஓடிவந்தான். ஞானம் பந்தே இல்லாமல் ஓரத்தில் இங்கும் அங்கும் ஓடினார், அந்த இருவரும் நிழல்போலக் கூடவே ஓடினார்கள். நடுவில் திறந்து கிடந்த இடத்தில் முருகேசன் புகுந்து புகுந்து அடித்தான். ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் ஜெயித்தோம். தைலம் தேய்த்தவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். சரியான நரம்பைப் பிடித்தது தான்தான் என்று கருப்பையா பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் எழுந்து சுவரோரம் வந்தார். படித்தவர், பாரபட்சம் இல்லாதவர் என்று வாத்தியாருக்கு ஊரில் பெயர். அவரிடமே கேட்டார், இந்த ஜெயிப்புக்கு யார் சார் காரணம் என்று. எங்கள் விசாரணைகளை அதுவரை ஒரு ஆட்டக்காரர்கூட மதித்துக் கேட்டதில்லை. முதல் தடவையாக ஒரு பெரிய மனிதர் தீர்ப்புக் கேட்கிறார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஞானத்தின் மேல் அவருக்கு எவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியும். ஆனால் நியாயம் என்று வந்துவிட்டதே.

"முருகேசன்தான் சார். ஞானத்த எனக்குப் பிள்ளையாட்டம் பிடிக்கும், இருந்தாலும் உள்ளதச் சொல்லணும்ல. கடைசியில அவன் பந்தத் தொடவே இல்ல."

நான் இடையில் புகுந்து, ரிங்குக்குக் கீழே கேட்டதை அப்படியே சொன்னேன். ஆட்டத்தைத் திருப்பியதே ஞானம்தான் என்றேன். மேனேஜர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கருப்பையாவைப் பார்த்தார். கருப்பையா என் தோளில் கை போட்டுச் சிரித்தார்.

"ஏலே, ஞானம் பேசினான்னு சொல்றியே, அதுலயே தெரியுது நீ மேட்ச்சப் பாக்கலைன்னு."

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்துவிட்டுக் காரில் ஏறினார்.

ஃபைனலில் தோற்றோம், அதைச் சொல்லவே வேண்டாம். முருகேசனுக்கு நிரந்தர வேலை ஆர்டர் வந்தது. அதை வாங்க மாட்டேன் என்று அவன் அழுததாகவும், ஞானமே அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட வைத்ததாகவும் செல்வம் சொன்னான். அந்த ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே ஞானம் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார். இக்கட்டான நேரத்தில் அணியை விட்டு ஓடுகிறவன் எல்லாம் தலைவனா என்று சுவரில் ஒரு வாரம் விவாதம் நடந்தது. அடுத்த வருடத்திலிருந்து முதல் சுற்றிலேயே வெளியே வந்துகொண்டிருந்தோம். அப்புறம் மெதுவாகப் பேச்சு மாறியது. ஞானத்தைப் போல ஒரு கேப்டன் வருவானா என்றார் கருப்பையா. அல்போன்ஸ்கூட அவனுக்கு ஒரு படி கீழேதான் என்றார் வாத்தியார். எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் சுவரை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பல வருடம் கழித்துத் திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் ஞானத்தைப் பார்த்தேன். பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை, தலை நரைத்திருந்தது. டீ குடித்தோம். மில்லை மூடிவிட்டார்கள், முருகேசன் பூத்தோட்டத்துக்கே திரும்பிவிட்டான் என்று சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். அந்த நிரந்தர வேலை கைவிட்டுப் போகும் என்று தெரிந்தும் ஏன்ணே பந்தை விட்டுக்கொடுத்தீர்கள் என்று.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தச் சுவத்துல இருந்த அம்புட்டுப் பேரும் என்ன செய்யணும்னு எனக்குச் சொல்லியிருக்காங்க அப்பு. ஏன் செஞ்சேன்னு நீ ஒருத்தன்தான் கேட்டிருக்க." டம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கு எனக்குக் கை வரல. அம்புட்டுத்தான்."

ஊருக்குத் திரும்பியதும் நேரே வாத்தியார் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். அப்போது அவர் படுக்கையில் இருந்தார். கேட்டுவிட்டுத் தலையணையில் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"கை வரலைன்னா எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமேப்பா. நாங்க என்ன, கேக்க மாட்டோம்னா சொன்னோம்?" என்றார்.

அந்த வருடமே அவர் போய்விட்டார். கருப்பையா மண்டியை மகனிடம் விட்டுவிட்டு மகள் வீட்டோடு இருக்கிறார், யாரையும் அடையாளம் தெரிவதில்லை. கோடைப் போட்டி நின்றே வெகுகாலம் ஆகிறது. சிமென்ட் தளத்தைப் பெயர்த்து வணிக வளாகம் கட்டிவிட்டார்கள், சுவர் இருந்த இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள். ஒரு சாயங்காலம் அங்கே எங்கள் அணி ஒரு கூடை வித்தியாசத்தில் ஜெயித்ததும், அது யாரால் என்பதும் இன்றைக்கு ஊரில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. திருப்பூரில் ஒருவருக்குத் தெரியும். அவர் யாரிடமும் சொல்லப்போவதில்லை.