வெள்ளிக்கிழமைக் காளான்

அன்று காலை நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முதல்நாள் பின்னேரம் நாரந்தனைப் பூங்காவில், மழைக்கு முளைத்திருந்த வெள்ளைக் காளான்களைப் பை நிறையப் பிடுங்கி வந்திருந்தேன். அதைத் தங்கச்சியிடம் நீட்டினேன். அவளுக்கு வயிற்றில் ஏழு மாதம். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் காய்ச்சுவதில்லை. காளானும் மச்சத்தோடு சேர்த்திதான் என்றாள்.

"அது மரக்கறியடி. மத்தியானம் காய்ச்சு" என்று அதட்டிவிட்டுப் புறப்பட்டேன். பௌர்ணமிப் போயா லீவு என்பதால் வாசிகசாலைக்காரர் அதே பூங்காவில் காளான் பார்க்க ஒரு நடை ஒழுங்கு செய்திருந்தார்கள். காளானைப் பற்றி எனக்குத் தெரிந்ததை நாலு பேருக்குக் காட்டவேண்டும் என்ற ஆசை.

பதினைந்து பேர் குனிந்து குனிந்து நடந்தோம். கூட்டிப்போன தாவரவியல் ரீச்சர், நான் பிடுங்கிய அதே வகையில் முற்றிய ஒன்றைக் கவிழ்த்துக் காட்டினார். குடையின் அடி மடிப்புகள் பச்சையாக இருந்தன.

"இளசா இருக்கேக்கை வெள்ளையாத்தான் இருக்கும். எல்லாரும் ஏமாறுறது அங்கைதான். சாப்பிட்டால் வாயாலையும் வயித்தாலையும் போய் ஆளைப் படுக்கையிலை போட்டிடும்."

தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். அடித்து அடித்து நின்றது. மறுபடியும் எடுத்தேன். மணி பதினொன்றரை, அவள் பன்னிரண்டுக்கே சாப்பிடுகிறவள். யாரிடமும் சொல்லாமல் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். எங்கள் ஊர் சுருவில் வரும்வரை பள்ளத்தை, குறுக்கே வந்த மாட்டை, அவள் எடுக்காத போனை எல்லாம் திட்டினேன்.

குசினியில் அவள் முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தாள்.

"காளான் எங்கை?"

"கோவிக்காதேங்கோ அண்ணை. வெள்ளிக்கிழமையும் அதுவுமா எனக்கு மனம் வரேல்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குடுத்திட்டன். அவை சேர்ச்சுக்குப் போற வேதக்காரர்தானே, இண்டைக்கும் காய்ச்சுவினம்."

வேலியில் ஆள் நுழையும் பொட்டால் புகுந்து ஓடினேன். அந்த அக்கா கோப்பையில் சோற்றைப் போட்டுவிட்டு, கறி அள்ள அகப்பையை எடுத்திருந்தார். சட்டியைப் பறித்து முற்றத்தில் கவிழ்த்தேன்.

"நஞ்சு அக்கா, நஞ்சு. தின்னேல்லைத்தானே?"

"இல்லை" என்றார். மண்ணில் கிடந்த கறியைப் பார்த்தார்.

"எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது தம்பி. நீர் பிடுங்கினது எண்டு தங்கச்சி சொன்னவள். பிறகென்ன எண்டு அடுப்பிலை வச்சனான்."