குழாயின் வாயில் சந்தனம்

என் அக்காள் கணவரின் கால்களை முடக்கியவன் நான். அவர் கட்டிய விமானம் அல்ல, அவருடைய அவசரமும் அல்ல... நான்!

போடியில் மச்சானைத் தெரியாதவர்கள் இல்லை. போடிமெட்டுக்கு ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்புகளெல்லாம் அவர் பட்டறைக்குத்தான் வரும். அந்தப் பட்டறையின் பின்புறத்தில், அலுமினியக் குழாயும் துணியும் கொண்டு ஒற்றை ஆள் விமானம் ஒன்றைக் கட்டினார். ஊர் சிரித்தது. நான் கூடவே நின்றேன்.

தேவாரம் பக்கம் ஒரு தரிசு நிலத்தில் முதன்முதலாகப் பறந்து பார்க்கும் நாள். பூசை போடும் பொறுப்பு என்னுடையது. சக்கரம், முகப்பு, இறக்கை என்று எல்லா இடத்திலும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தேன். இறக்கையின் முன்னே சுண்டுவிரல் தடிமனில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயிலும் வைத்தேன். மூக்குத்தி போட்டதுபோல் அழகாக இருந்தது!

அந்தக் குழாய்க்குள் எதிர்க்காற்று புகுந்தால்தான் வேகம் காட்டும் முள் நகரும். மச்சான் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். தெரியாமல் செய்தேன் என்று உங்களிடம் நான் எப்படிச் சொல்வேன்?

இருக்கையில் ஏறி அமர்ந்தபின் கேட்டார்.

"குழா அடைப்பில்லாம இருக்கா மாப்ளே?"

பார்த்தேன். சந்தனம் காயத் தொடங்கியிருந்தது. சாமி பேர் சொல்லி வைத்த பொட்டைப் புறப்படும் நேரத்தில் அழிப்பதா... அபசகுனம் அல்லவா? காற்றில் தானே உதிர்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"எல்லாம் சரியா இருக்கு மச்சான். ராகுகாலம் வருது, வெரசாக் கெளம்புங்க."

விமானம் எழும்பியது. கைதட்டினோம்! பனை உயரம்கூடப் போயிருக்காது, முகப்பைத் தாழ்த்தினார். ஏன் இறங்குகிறார் என்று பக்கத்தில் நின்றவர்கள் கேட்டார்கள். எனக்குத் தெரியும். முள் ஏறவில்லை. வேகம் போதவில்லையென்றால் முகப்பைத் தாழ்த்த வேண்டும் என்பதுதான் அவர் கற்ற பாடம்... பொய் சொன்ன முள்ளை நம்பி, வரப்பில் மோதினார்.

முதலில் ஓடிச் சேர்ந்தவன் நான். "மாப்ளே..." என்று முனகினார். நான் அவரிடம் போகவில்லை. குழாயிடம் போனேன்! அழிக்கப் பயந்த அதே பொட்டைக் கீழே கிடந்த குச்சியால் சுரண்டி, வேட்டியில் துடைத்தேன். அதன்பிறகே அவரைத் தொட்டேன். மனிதனா நான்?

இப்போது சக்கர நாற்காலியில் பட்டறைக்கு வருகிறார். தம் கண்ணையே அவர் நம்புவதில்லை. இறுக்கிய போல்ட்டை மறுபடி மறுபடி தடவிப் பார்க்கிறார்.

"முள்ளு ஏறவே இல்லயே மாப்ளே... இல்ல, நாந்தான் சரியாப் பாக்கலயா?" என்று கேட்பார்.

"பதட்டத்துல அப்பிடித் தெரிஞ்சிருக்கும் மச்சான்" என்பேன். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவரை மறுபடி கீழே தள்ளுகிறேன்.

போன வாரம் மதியம் சாப்பிட உட்கார்ந்திருந்தோம்.

"ஊரே என்னயக் கிறுக்கன்னுச்சு. நீ ஒருத்தன்தான் ஒரு வார்த்த குத்தஞ் சொல்லல மாப்ளே" என்றார். கண் கலங்கியிருந்தது.

வாய் திறந்தேன்... அக்காள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

சாப்பிட்டேன்.